குளத்துச் சேறும் மன்றத்து நாற்காலிகளும்

என் அருமை மகள் கயல்விழிக்கு,

வரும் ஆவணியில் உனக்குத் திருமணம். அன்றைக்கு மேடையில் நான் பேசக் கூடாது என்று நீ கேட்டுக்கொண்டாய், நானும் தலையசைத்தேன். ஆனால், எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லை. ஆகவே, இந்த மராட்டிய மண்ணில் நம் குடியிருப்புத் தமிழ் மன்றம் வெளியிடும் ஆண்டு மலரில், ஊரறிய, இக்கடிதத்தை எழுதுகிறேன். உன் தடையின் ஞாயத்தை நான் மறுக்கவில்லை. நிச்சயதார்த்தத்தன்று நான் ஆற்றிய வாழ்த்துரையில் இடி விழ வேண்டிய இடத்தில் இடி விழுந்தது, மின்னல் வெட்ட வேண்டிய இடத்தில் மின்னல் வெட்டியது. வலக்கையை உயர்த்தி, "இந்த உறவைப் பிரிக்க எவருக்கு வலிமை உண்டு? வரச் சொல்லுங்கள் அவரை!" என்று நான் முழங்கியபோது, தமிழறியாத உன் வருங்கால மாமியார் உன் அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு, "குச் ஜக்டா ஹை க்யா, தாயி?" என்று, ஏதோ சண்டை மூண்டதாக எண்ணி நடுங்கினாராம். "ஜக்டாலாம் இல்ல, ஆசீர்வாத்" என்று உன் அம்மா தேற்றினாளாம். தேற்றிய பின்னும் அந்த அம்மையார் தம் மகனை எழுப்பி வாயிலுக்கு அருகே உட்கார வைத்ததை நான் மேடையிலிருந்தே கண்டேன். வெயிலுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயினும் மகளே, என் பொதுவாழ்வில் நான் பேசாமல் அமர்ந்த நாள் ஒன்று உண்டு. அன்று நீயும் அவையில் இருந்தாய். ஏன் பேசவில்லை என்று நீ கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. இப்போது நீ கணவரோடு கிழக்குக் கடற்கரையின் சதுப்பு நிலங்களுக்கு ஆய்வு செய்யப் போகிறாய். போகுமுன் அதை நீ அறிந்துகொள்ள வேண்டும்.

நம் குடியிருப்புக்குப் பின்னால், இருப்புப்பாதைக்கு இப்பால், கோரை மண்டிய குளம் ஒன்று இருப்பதை இம்மலரைப் படிக்கும் அனைவரும் அறிவர். மழைக்காலத்தில் அது அகன்று சதுப்பாகும். கோடையில் சுருங்கிச் சேறாகும். நம் வீடுகளில் துணி துவைத்த நீர் எல்லாம் சரிவில் இறங்கி அதில்தான் சேரும். அங்கிருந்து வழியும் நீர் நிலக்காரர் பாட்டீலின் கிணற்றுப் பக்கம் போகும். நீ முதுகலை முதலாண்டு நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த கோடையில், அந்தக் குளம் பச்சை வண்ணம் கரைத்து ஊற்றியது போல் ஆயிற்று. இரவு உணவின்போது நீ சொன்னாய்: "அப்பா, சோப்புத்தூள்ல பாஸ்பரஸ் இருக்கு. அதுதான் பாசிக்குச் சாப்பாடு." அடுத்த வாக்கியத்துக்கும் நீ வாயெடுத்தாய். நான் அதற்குள் கைகழுவ எழுந்துவிட்டேன். எனக்கு ஒரு வாக்கியம் போதும், மகளே. ஒரு வாக்கியத்தைக் கொண்டு இரண்டு மணி நேரம் பேசப் பயின்றவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் போட்டேன். பாஸ்பரஸை எரியம் என்று தூய தமிழில் மொழிந்தேன். (இக்கடிதத்தில் உன் பொருட்டு அதைப் பாஸ்பரஸ் என்றே எழுதுகிறேன். திருமணத்தன்று வாய் மூடியிருக்க இசைந்ததற்கு அடுத்தபடியாக இது என் பெரிய விட்டுக்கொடுப்பு என்பதைக் குறித்துக்கொள்.) "நுரை என்பது என்ன? நம் சோம்பலின் வாயிலிருந்து வழியும் எச்சில்! அந்த எச்சிலைத்தான் நாள்தோறும் நம் குளத்தின் முகத்தில் உமிழ்கிறோம்!" என்றேன். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. குடியிருப்புப் பெண்கள் சோப்புத்தூளைத் துறந்தார்கள். நகரத்துக் கேம்ப் கடைத்தெருவிலிருந்து, துணி துவைக்கப் பூந்திக்கொட்டை மூட்டை மூட்டையாக லோக்கல் ரயிலில் வந்து, பங்கு ஆட்டோவில் ஏறி, வீடுவீடாகப் போயிற்று. உன் அம்மாவும் ஊற வைத்தாள், கசக்கினாள், வடிகட்டினாள். என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்ததே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

ஓராண்டு உருண்டது. குடியிருப்பில் வெள்ளைச் சட்டை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. அடுத்த வீட்டுப் பார்வதி அக்கா நம் வாசலில் நின்று கேட்டது உனக்கு நினைவிருக்கும். "அண்ணே, எங்க வீட்டுக்காரர் சட்டையப் பாத்து டீ கொட்டிடுச்சான்னு ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க. நுரையும் போச்சு, வெளுப்பும் போச்சு. உங்க பேச்சு ஒண்ணுதான் போகாம நிக்குது." நான் அவரிடம், "கோடை வரட்டும், குளத்தைப் பாருங்கள்" என்றேன். கோடை வந்தது. குளத்தைப் பார்த்தோம். முந்தின ஆண்டைவிடக் கரும்பச்சையாக, அழுகிய முட்டைக்கோசு நாற்றத்தோடு, என்னை ஏளனம் செய்வது போல் அது கிடந்தது. குளக்கரையில் பார்வதி அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. தம் கணவரின் சட்டையை மட்டும் ஒருமுறை தூக்கிக் காட்டினார்.

அந்நேரத்தில்தான் பாட்டீல் தம் வண்டியில் வந்து இறங்கினார். குளமிருந்த நிலம் அவருடையது. "காய் அண்ணா, சோப் பந்த், தரீ பாணி ஹிரவ?" என்றார். சோப்பை நிறுத்தியும் தண்ணீர் பச்சையாகத்தானே இருக்கிறது என்று மராட்டியில் கேட்கும்போது அது இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. கேட்டுவிட்டு, என் தோளில் கை போட்டு, இந்த நாற்றம் பிடித்த பள்ளத்தை உங்கள் மன்றத்துக்கே தந்துவிடுகிறேன், மண் கொட்டி மூடிவிட்டு நீங்கள் வெகுநாளாகக் கேட்கும் அரங்கத்தைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார்.

அரங்கம்! நான் இந்த ஊருக்கு வந்த நாள் முதல் தார்ப்பாய்க்குக் கீழேதான் பேசி வருகிறேன். காற்றடித்தால் தார்ப்பாய் என்னைவிட உரக்கப் பேசும். சரக்கு வண்டி போனால் அதன் கடைசிப் பெட்டி கடக்கும்வரை உயர்த்திய கையை இறக்காமல் நிற்பேன்; இறக்கினால் வேகம் போய்விடும். மழைக்காலத்தில் அந்தக் குளத்துத் தவளைகள் என் ஒவ்வொரு வினாவுக்கும் நான் விடை சொல்லுமுன் விடை சொல்லும். மரத்தளம் போட்ட மேடை, எதிரொலிக்காத சுவர், இரைச்சலில்லாத ஒலிபெருக்கி இவற்றை நான் கனவில் கண்டிருக்கிறேன். அக்கனவில் தவளைகள் இல்லை. மன்றச் செயலாளர் சபாபதி அந்த மாலையே, ஒன்றரை மாதம் தள்ளி, பொதுக்குழுவுக்கு நாள் குறித்தார். குளத்தை மூட வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிந்து பேச வேண்டியவன் நான்.

அன்றிரவு நீ என் எதிரே வந்து அமர்ந்தாய். "அப்பா, அன்னிக்கே சொல்ல வந்தேன். புதுசா வர்ற பாஸ்பரஸ் ஒரு பங்குதான். இத்தன வருஷமா வந்ததெல்லாம் சேத்துக்குள்ள இருக்கு. சேத்துல இருக்கற பாக்டீரியாதான் அத உள்ள வெக்கறதும் வெளிய விடறதும். நீங்க கொழாய மூடினீங்க, டேங்க் ஃபுல்லா இருக்கு." ஓராண்டு காத்திருந்த இரண்டாம் வாக்கியம் அதுதான். நான் என்ன செய்தேன்? நம்பவில்லை. "கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளா ஒரு குளத்தை ஆள்கின்றன? சான்று காட்டு!" என்றேன், எதிரே ஒருத்திதான் இருக்கிறாள் என்பதை மறந்து. நீ சினம் கொள்ளவில்லை. "சரி, காட்டறேன். ஆனா கிச்சன்ல இடம் வேணும்" என்றாய்.

இரண்டு கண்ணாடிக் குப்பிகள். இரண்டிலும் அதே குளத்துச் சேறு, அதே வடிகட்டிய நீர். ஒரு துளி சோப்பும் இல்லை. ஒன்றில் மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் சிறு இயந்திரத்தின் குழாயைச் செருகினாய். மற்றதை இறுக மூடினாய். இரண்டும் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அமர்ந்தன. "மாவுல இருக்கறதும் அந்த ஜாதிதான், அம்மா" என்று நீ சொன்னதைக் கேட்டு உன் அம்மா மாவுப் பாத்திரத்தை மட்டும் இரண்டு அடி தள்ளி வைத்தாள். நாளாக நாளாக, காற்று ஊதிய குப்பியில் சேற்றின் மேற்பரப்பு துருநிறத்தில் நின்றது. மூடிய குப்பியில் சேறு முழுவதும் கறுத்தது. இந்த ஆய்வில் எனக்கும் ஒரு பங்கு கிட்டியது. அந்த வியாழக்கிழமை மின்வெட்டு என்பதை நீ மறந்திருந்தாய். இயந்திரம் நின்றது, நீ கல்லூரியில் இருந்தாய், நான் விடுப்பில் வீட்டில் இருந்தேன். உன் அம்மா அந்தக் குழாயைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். "இத்தன வருஷம் மைக்குக்குக் குடுத்த காத்த இன்னிக்கு ஒருநாள் பாட்டிலுக்குக் குடுங்க." நான் ஊதினேன். மின்சாரம் வரும்வரை, இடையிடையே மூச்சு வாங்கி, ஒரு சொல்லும் பேச இயலாதவனாய், சேற்றுக்குள் ஊதிக்கொண்டே இருந்தேன். பார்வதி அக்கா சர்க்கரை கேட்க வந்தவர், பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார்.

சில வாரங்கள் கழித்து இரண்டு குப்பிகளின் மேல்நீரையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகைப் பாசியை இட்டு, சன்னலோர வெயிலில் வைத்தாய். நான் ஊதிய குப்பியின் நீர் ஏறக்குறைய தெளிவாகவே நின்றது. மூடியிருந்த குப்பியின் நீர் நம் குளத்தைப் போலவே பச்சையாயிற்று. சோப்புத்தூள் இல்லாமல், சேற்றிலிருந்து மட்டும். ஓராண்டாக நான் எதிரியைத் தெருவில் தேடிக்கொண்டிருந்தேன். பழைய சரக்கோ குளத்துக்கு அடியில் குவிந்து கிடந்தது. ஆயினும் மகளே, உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் அரங்கக் கனவை நான் விடவில்லை. குளம் ஏன் பச்சையாகிறது என்பது ஒன்று, குளம் இருக்க வேண்டுமா என்பது வேறொன்று என்று எனக்குள் வாதாடிக்கொண்டேன். பொதுக்குழுவுக்கான உரையை ஆயத்தம் செய்தேன். நான் உருவாக்கிய உரைகளில் அதுவே சிறந்தது.

பொதுக்குழுவில் எனக்கு முன் உனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார் சபாபதி. நீ குப்பிகளை மேசைமேல் வைத்துவிட்டு, ஆங்கிலமும் மராட்டியும் கலந்த அந்தத் தட்டுத்தடுமாறிய தமிழில் தொடங்கியபோது, நான் கண்களை மூடிக்கொண்டேன். வெட்கத்தால் என்று அன்று எண்ணினேன், அச்சத்தால் என்று இன்று அறிவேன்.

"சபாபதி மாமா ஊர்ல இருந்தா மன்றத்து நாற்காலியெல்லாம் ஸ்டோர் ரூம்லயே இருக்கும், இல்ல? மே மாசம் அவர் திருநெல்வேலி போறார். திரும்பி வந்தா நாற்காலி எங்க?"

"பார்வதி அக்கா மொட்ட மாடில!" என்றது ஒரு குரல்.

"ஏன், உங்க வீட்டு நாய் படுத்திருக்கறது யார் நாற்காலில?" என்றார் பார்வதி அக்கா.

சபாபதி எழுந்துவிட்டார். "ஏ பிள்ள, நில்லு. யார் யார்னு வெவரமா சொல்லு. எழுதிக்கிடுதேன்."

"இருங்க மாமா. நாற்காலிதான் பாஸ்பரஸ். ஸ்டோர் ரூம்ங்கறது சேத்துல இருக்கற இரும்புத் துரு. அதுதான் பாஸ்பரஸ இறுக்கிப் புடிச்சு வெச்சிருக்கு. நீங்க ஆக்சிஜன். நீங்க இருக்கற வரைக்கும் ஒண்ணும் வெளிய போகாது. கமிட்டி மெம்பர்ஸ் எல்லாம் பாக்டீரியா."

"யாரம்மா பாக்டீரியா?" என்று பொருளாளர் நிமிர்ந்தார்.

"நீங்கதான் அங்கிள். தப்பா நெனைக்காதீங்க. ஆக்சிஜன் இருந்தா அவங்க அத வெச்சு மூச்சு விடுவாங்க. வெயில் காலத்துல தண்ணி நிக்கும், எல தழையெல்லாம் அழுகும், அத சாப்பிட்டு சாப்பிட்டு ஆக்சிஜன தீத்துடுவாங்க. அப்புறம் சும்மாவா இருப்பாங்க? வேற ஒரு கூட்டம் எழுந்து வரும். அவங்களுக்குத் துருவே போதும், அத வெச்சே மூச்சு விடுவாங்க. துரு கரையும். அதாவது ஸ்டோர் ரூம் கதவையே கழட்டிடுவாங்க. நாற்காலி எல்லாம் வெளிய. தண்ணி பச்ச."

"அப்ப மருந்தப் போட்டு அதுங்களக் கொன்னுட்டாப் போச்சு" என்றார் பார்வதி அக்கா.

"ஐயோ அத்த, அவங்க இல்லேன்னா விழுந்த எல எலையாவே கெடக்கும், செத்த மீன் மீனாவே கெடக்கும். அதுக்குள்ள இருக்கற பாஸ்பரஸப் பிரிச்சு, மறுபடியும் கோரைக்கும் பாசிக்கும் குடுக்கறதே அவங்கதான். சில பேர் கொஞ்சம் தன் ஒடம்புக்குள்ளயே சேத்தும் வெப்பாங்க. குளத்துல சக்கரம் சுத்துதுன்னா சுத்தறது அவங்க." பிறகு நீ என்னைப் பார்த்தாய். "அப்பா சொன்னது பாதி சரி. சோப்புத்தூள் கொறையணும். ஆனா சேறு பழச மெதுவாத்தான் விடும், ஒரு வருஷத்துல ஆகாது. கோரைய வெட்டி, அழுகறதுக்கு முன்னாடி வெளிய எடுத்துட்டுப் போனா, அதோட பாஸ்பரஸும் போகும். ஆனா குளத்த மூடினா நம்ம தொவச்ச தண்ணி நேரா பாட்டீல் காகா கெணத்துக்குப் போயிடும். இப்ப நடுவுல நிக்கறது அந்தச் சேறு ஒண்ணுதான். அவ்ளோதான்."

பாதி சரி. என் பொதுவாழ்வில் என் வீட்டிலிருந்து எனக்குக் கிடைத்த மிக உயர்ந்த பாராட்டு அது.

சபாபதி ஒலிபெருக்கியை என்னிடம் நீட்டினார். "அண்ணாச்சி, தீர்மானத்த முன்மொழிஞ்சு பேசுங்க." நான் எழுந்தேன். உரை என் நெஞ்சில் அணிவகுத்து நின்றது. அவையைப் பார்த்தேன். ஒரு வரி போதும், மகளே. அவர்கள் எழுந்து நின்று கைதட்டி, அடுத்த வாரமே மண் லாரியை வரவழைத்திருப்பார்கள். சோப்புத்தூளைத் துறக்க வைத்தவன் குளத்தை மூட வைக்க மாட்டேனா? வென்றுவிடுவேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அதுதான் என்னை நிறுத்தியது. நீ வாரக்கணக்கில் காத்திருந்து, கண்ணால் கண்டு, தடுமாறிச் சொன்னதை, நான் ஒன்றும் காணாமலே, தடுமாறாமலே, ஒரு மூச்சில் தோற்கடித்துவிடுவேன். அப்போது மேசைமேல் இருந்த குப்பியைப் பார்த்தேன். ஒரு வியாழக்கிழமை முழுவதும் நான் சொல்லில்லாமல் ஊதிய மூச்சு அதில் இருந்தது. "முன்மொழிய எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு அமர்ந்தேன்.

சபாபதி ஒலிபெருக்கியை வாங்கித் தட்டினார், ஊதினார், "அலோ, அலோ" என்றார். "மைக் நல்லாத்தானே இருக்கு" என்று முணுமுணுத்தார். முன் வரிசையில் ஒருவர் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். பார்வதி அக்கா, "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று உன் அம்மாவிடம் கேட்க, "இன்னிக்குத்தான் சரியா இருக்கு" என்றாள் உன் அம்மா. பிறகு குளத்தை மூட வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றபோது முதலில் எழுந்ததும் அவள் கைதான், பூந்திக்கொட்டையால் தோலுரிந்த அந்தக் கை. ஒவ்வொன்றாகப் பிற கைகளும் எழுந்தன. சபாபதி கடைசியில் தம் கையையும் தூக்கிக்கொண்டு பொருளாளரிடம் சொன்னார்: "அண்ணாச்சியே பேசலன்னா வெசயம் பெருசுதாம்வே."

குளம் தப்பியது. அரங்கம் வரவில்லை. ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் கோரையை அறுத்து வெளியேற்றுகிறோம். பாட்டீல் தம் மாட்டுக் கொட்டகைக் கூரைக்கு அள்ளிச் செல்கிறார். வெளுத்த சட்டைகள் மீண்டும் தெருவில் நடமாடுகின்றன, முன்பைவிடப் பாதித் தூளில். கோடையில் இன்னமும் பச்சை வருகிறது. தாமதமாக வருகிறது, வெளிர்ந்து வருகிறது. அது போய்விட்டது என்று மேடையில் முழங்க எனக்கு ஆசைதான். நீ அனுமதிக்க மாட்டாய்.

மணமக்களுக்கு அறிவுரை கூறுவது தந்தையின் உரிமை. எனவே இரண்டே கூறுகிறேன். உன் கணவர் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் அடுத்த வாக்கியத்துக்கும் காத்திரு. நீ தொடங்கும்போது அவரையும் காத்திருக்கச் சொல். அப்புறம், என்றேனும் ஒரு கோடையில் உங்களிடையே திடீரென்று பச்சை படர்ந்தால், அன்று காலை யார் என்ன சொன்னார் என்று மட்டும் ஆராயாதீர்கள். அது பெரும்பாலும் பழைய சரக்காகவே இருக்கும். சன்னலைத் திறந்து வைத்துப் பொறுமையாக இருங்கள்.

இனி என் வேண்டுகோள். அரங்கம் இல்லாத காரணத்தால் உன் திருமணம் அந்தக் குளக்கரைத் திடலில், அதே தார்ப்பாய்க்குக் கீழே நடக்கவிருக்கிறது. ஆவணி மாதம், மழை இருக்கும். நான் வாய் திறக்க மாட்டேன்; தவளைகள் சார்பில் என்னால் உறுதி கூற இயலாது. ஆனால், சபாபதிக்குப் பேத்தி பிறந்து அவர் திருநெல்வேலிக்குப் போயிருக்கிறார்; ஆவணி முடிந்துதான் திரும்புவார். மன்றத்து நாற்காலிகள் அனைத்தும் அன்று வெளியே வரும். இந்தக் கமிட்டியை நீ அறிவாய். ஆகையால் உன் திருமணத்தன்று நாற்காலிகளுக்கு அருகில் நிற்கும் பொறுப்பை எனக்குக் கொடு. யாரையும் அதட்ட மாட்டேன், கையை உயர்த்த மாட்டேன். காலையிலிருந்து கடைசி விருந்தினர் போகும்வரை அங்கேயே நிற்பேன். உன் குப்பியில் நான் ஊதிய காற்று ஏதேனும் பேசியதா, மகளே? அது பாட்டுக்கு இருந்தது. நீர் தெளிந்தே நின்றது.

என்றும் உன் அருகில் நிற்கும்,
அப்பா